பூட்டாத வீடு

கனடாவுக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ரொறன்ரோ ஒரு சமையலறை ஜன்னல்தான். எதிர்வீட்டுக் கராஜ், இலையில்லாத ஒரு மரம், காலையில் புகைவிட்டுக்கொண்டு புறப்படும் கார்கள். அந்த இடத்துக்கு மில்லிக்கன் என்று பெயர் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பதினைந்து வயதில் கொழும்பில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து, அந்த வீட்டு அம்மாவின் தங்கை கனடாவிலிருந்து கைக்குழந்தையோடு வந்தார்.

"என்னோட வா. பிள்ளையைப் பாத்துக்கொண்டிருந்தாக் காணும். அங்க நிரந்தரமா இருக்கிறதுக்கு எல்லா அலுவலும் நான் செய்து தாறன்," என்றார். சம்பளத்தில் பாதியை அம்மாவுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். சொந்தக்காரப் பெண் என்று காட்டி விசிட்டர் விசா எடுத்தார்கள். அவரை அக்கா என்று கூப்பிடப் பழக்கினார்கள்.

ரொறன்ரோவில் இறங்கிக் காரில் ஏறியதும் அக்கா கையை நீட்டினார். "பாஸ்போட்டைத் தா, நான் பத்திரமா வைக்கிறன்." கொடுத்தேன். அதை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்த வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. சாப்பாடு இருந்தது. வீட்டுக்கடியில், பேஸ்மென்ரில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தை இருந்தது. சம்பளம் மட்டும் இல்லை. கேட்டால், "டிக்கெட் காசு ஆர் குடுத்தது?" என்பார். டெலிபோன் அடித்தால் எடுக்கக்கூடாது, விருந்தாளிகள் வந்தால் மேலே வரக்கூடாது. ஆறு மாதத்தில் விசா முடிந்துவிட்டது. "இனி நீ வெளியில போனாப் பொலிஸ் பிடிக்கும். மறியல்தான்," என்றார் அக்கா. ஜெயிலைத்தான் அவர்கள் மறியல் என்பார்கள்.

பகல் முழுக்க நானும் பிள்ளையும்தான். அவள் நடந்ததும் பேசியதும் என் முன்னால்தான். என்னிடம் கேட்டே பழகியதால் 'ஓம்' என்பதற்குப் பதிலாக 'ஆமா' என்றாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தத் தோட்டக்காட்டுக் கதையைப் பிள்ளைக்குப் பழக்காதை." அதன்பிறகு பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளையோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டேன். சில நாட்களில் என் குரலை எனக்கே கேட்க வேண்டும்போல் இருக்கும். மெஷின் ஓடும் சத்தத்தில் மறைந்துகொண்டு, தெரிந்த ஜெபங்களைச் சத்தமாகச் சொல்வேன்.

இரண்டாவது குளிரில் பேஸ்மென்ரில் பைப் வெடித்துத் தண்ணீர் ஓடியது. திருத்த வந்தவர் எங்கள் மலைநாட்டுக் கம்பளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் ஆள். அக்காவின் கணவர் மேலே டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர் நனைந்த என் மெத்தையைப் பார்த்தார்.

"தங்கச்சி, இங்கயா படுக்கிறீங்க?"

நான் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஊரு எது?"

"அட்டன் பக்கம்." வளர்ந்த ஒருவரோடு என் ஊர்ப் பேச்சில் பேசி எவ்வளவோ நாளாகிவிட்டது. முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம்; வாய் தானாகக் கேட்டது. "நானா, இந்த இடத்துக்கு என்ன பேரு?"

அவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தார். மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாக இடத்தின் பெயரைச் சொன்னார். "என் வைஃபை அனுப்புறேன். பயப்படாதீங்க."

மறுநாள் காலை, வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனபின், கதவு தட்டும் சத்தம். நான் திறக்கவில்லை.

"திறக்க வேணாம், தங்கச்சி. நான் சொல்றத மட்டும் கேளுங்க," என்றது ஒரு பெண் குரல். காசு வாங்காமல் உதவும் வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொலிஸில் பிடித்துக் கொடுக்கமாட்டார்கள் என்றார். அந்த வாரம் இன்னும் சில தடவை வந்தார். ஒருநாள் கதவைத் திறந்தேன். தலையில் முக்காட்டோடு, குளிரில் மூக்குச் சிவந்து நின்றிருந்தார்.

"இப்பவே வாங்க."

"பிள்ளையத் தனியா விட்டுட்டு எப்படி வாறது?"

அதனால் சனிக்கிழமைவரை பொறுத்தோம். சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைத் தாயின் மடியில் வைத்தேன். "குப்பையைப் போட்டுட்டு வாறேன், அக்கா," என்றேன். குப்பையைப் போட்டேன். பிறகு தெருமுனையில் நின்ற காரை நோக்கி நடந்தேன். என்னிடம் குளிர்கோட்டு இல்லை. காலில் போட்டிருந்த சப்பாத்தும் அக்காவின் பழையது.

வக்கீல் வெள்ளைக்காரப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அகதிக்கு ஒரு வழி இருக்கிறது, முறைப்படி வேலைக்கு வந்தவருக்கு ஒரு வழி இருக்கிறது, ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவருக்கென்று சட்டத்தில் இப்போதைக்குத் தனியாக எதுவும் இல்லை என்றார். மனிதாபிமான அடிப்படையில் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

குடிவரவு அதிகாரியும் ஒரு பெண்தான். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார்.

"கதவு பூட்டியிருந்ததோ எண்டு கேக்கிறா," என்றார்.

"இல்லீங்க."

"அப்ப ஏன் நீர் வெளிக்கிட்டுப் போகேல்லை எண்டு கேக்கிறா."

"எங்க போறது? தெருப் பேரு தெரியாது. பாஷை தெரியாது. பாஸ்போட் அவங்ககிட்ட. பிடிச்சா ஜெயில்னு சொன்னாங்க. உள்ள பிள்ள தூங்குது. பூட்டாத கதவுதாங்க. ஆனா அதத் தொறந்தா அந்தப் பக்கம் எனக்கு யாருமே இல்ல."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ, பிள்ளை," என்றார். அதுவரை 'நீர்' என்று பேசியவர் இப்போது 'சொல்லுங்கோ' என்றார். "ஒண்டும் விடாமச் சொல்லவேணும்." நான் திரும்பச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அதிகாரி தலை நிமிர்த்திக் கேட்டார்.

பல மாதங்கள் கழித்து ஒரு தற்காலிக பெர்மிற் கிடைத்தது. அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து, கடைசியில் நிரந்தரமாகவே இருக்க விட்டார்கள். ஸ்காபரோவில் ஒரு அறை எடுத்துக்கொண்டு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலைக்குப் போனேன். பெர்மிற் வந்த அன்று அம்மாவிடம் சொல்ல வழியில்லை. தோட்டத்து லயத்தில் டெலிபோன் இல்லை. அன்று காரில் காத்திருந்த கம்பளை அக்காவுக்கு மட்டும் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்று அழுதார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக, தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போனேன். பாட்டுத் தொடங்கியதும் நானும் சேர்ந்து பாடினேன். ஆனால் முன்வரிசையில் அக்காவின் குடும்பம் இருந்தது. பூசை முடிந்ததும் ஆட்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு சுகம் விசாரித்தார்கள். பிள்ளை நீலக்கோட்டுப் போட்டிருந்தாள், வளர்ந்திருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார், பார்க்காததுபோலப் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பினார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அன்ரி, "புதுசோ? ஆரோட இருக்கிறீர்?" என்று கேட்டார்.

"தனியாத்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு வேறொரு கோவிலுக்கு, இங்கிலிஷ் பூசைக்குப் போனேன். பாதிக்குமேல் புரியாது. மற்றவர்கள் எழும்பினால் எழும்புவேன், முழந்தாளிட்டால் முழந்தாளிடுவேன். முடிந்ததும் பஸ் ஏறி அறைக்கு வந்து, ஒருவருக்கு அளவாய்ச் சோறு வைப்பேன்.