மயில் போன ஜாக்கெட்

ரிடையர் ஆகிறவர்களுக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சுவர்க் கடிகாரம்தான் கொடுப்போம். இனி ஷிஃப்ட்டே இல்லாத மனிதருக்கு எதற்குக் கடிகாரம்? யாரும் கேட்டதில்லை... கணவர் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவிருந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போன மாதம் கேட்டுவிட்டார்.

“கடிகாரம் வேணாம் உமா. ஆளுக்கொரு பழைய எம்பிராய்டரி துணி குடுங்க. ஒண்ணா தச்சி எங்க ஊரு காடாம்புலியூர் வூட்டு ஹால்ல மாட்டிக்கினு, உங்களையெல்லாம் பாத்துக்கினே இருப்பேன்.”

வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னதுதான் தாமதம், துணிகள் குவிந்தன. மதுரைக்காரம்மாவின் கல்யாண ஜாக்கெட், பாலக்காட்டு டீச்சரின் கண்ணாடி பதித்த சுடிதார், யார் பிள்ளைக்கோ ஞானஸ்நானத்தில் போட்ட கவுன்...

நானும் ஒரு பழைய ஜாக்கெட்டைப் பையில் போட்டு நாற்காலியில் வைத்தேன். “அக்காகிட்ட குடுத்துடுங்க” என்று கணவரிடம் போனில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அதே நாற்காலியில் டெய்லரிடமிருந்து வந்த இன்னொரு பை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு என் மகள் போடவேண்டிய ஜாக்கெட்! மாப்பிள்ளை வீட்டார் எடுத்த புடவையோடு வந்த துணி. முதுகில் ஆரி வேலையில் ஒரு மயில். நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்தவர் எந்தப் பையைக் கொடுத்திருப்பார்? சொல்லவும் வேண்டுமா?

சாயங்காலம் ஓடினேன். அக்கா வீட்டு மேஜைமேல் மயில் தனியாகக் கிடந்தது.

“புதுசா இருக்குதேன்னு பாத்தேன் உமா. என் மேல அவ்ளோ பிரியமான்னு நெனச்சிக்கினு வெட்டிட்டேன்...” அழுதேவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய். வேறு துணிக்கு எங்கே போவது? சம்பந்தி வீட்டில் என்ன சொல்வது?

மகள் ஓட்டை ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மயிலை நீங்களே வெச்சுக்குங்க ஆன்ட்டி. ஓட்டையில எல்லார் துணியிலயும் ஒரு துண்டு வெச்சுத் தைங்க.”

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அத்தை அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கடைசியில் அவர் கேட்டது வேறு கேள்வி.

“ஏம்மா, உனக்குச் சொந்த ஊரு எது?”

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் திணறும் கேள்வி. அப்பா தேனி, அம்மா கும்பகோணம், பிறந்து வளர்ந்த வீடோ கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டியது. மகள் திணறவில்லை. திரும்பி முதுகைக் காட்டினாள்.

“எங்க பிளாக் ஆன்ட்டிங்க எல்லாரும் இதுல இருக்காங்க. இதாங்க ஊரு.”

அத்தை அந்தத் துண்டுகளைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

மயில் இப்போது காடாம்புலியூர் ஹாலில், நட்டநடுவில். “நான் பையை மாத்திக் குடுக்கலைன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?” என்று கணவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்.

இவர் ரிடையர் ஆகட்டும் — கடிகாரம்தான்.