நோய் கொடுக்கும் உத்தியோகம்

பயிருக்கு நோய் கொடுத்துச் சம்பளம் வாங்குவது என் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு அதில் சிரிப்பு வந்து வெகுகாலம் ஆகிறது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெல் நோய்களைப் பார்க்கிற சிறிய நிலையம் ஒன்றில் இந்த எழுபதுகள் முழுவதும் உதவியாளனாக இருந்துவிட்டேன். இலைக்கருகல் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்ணாடிக் குழாயில் வளர்ப்போம். நீரில் கரைத்தால் அது நீர்மோர்போலக் கலங்கும். அதில் கத்தரிக்கோலை முக்கி, தொட்டியில் வளரும் நெல்லின் இலைநுனிகளை வெட்டிவிடுவோம். பிறகு எது பிழைக்கிறது, எது போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். பிழைத்த ரகத்தின் விதை உழவர்களுக்குப் போகும்.

நல்ல செய்தியைவிடக் கெட்ட செய்தியையே அதிகம் சொல்ல நேர்கிற உத்தியோகம் இது. வைத்தியர், வாத்தியார், தந்தி கொண்டுவருகிறவர் என்று இந்தப் பாவத்தில் பங்குள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னைப் புரிந்துகொள்வார்கள்.

புகையிலைத் தொட்டிகள்

நெல் நிலையத்தில் புகையிலைச் செடி எதற்கு என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். நெல்லிலிருந்து எடுத்த பாக்டீரியா நோய் தருவதா, சும்மா ஒட்டிக்கொண்டு இருப்பதா என்று அறிய அது ஒரு வழி. கலங்கல் நீரைச் சிறு ஊசியால் புகையிலை இலைக்குள் செலுத்துவோம். நோய்க்கிருமியாக இருந்தால் மறுநாள் அந்த இடம் மட்டும் வாடி, பிறகு காகிதம்போல் காய்ந்துவிடும். சுற்றிலும் இலை பச்சையாகவே இருக்கும். நெல்லின் நோய் புகையிலைக்கு வருவதில்லை. எதிரி வந்ததை அறிந்த செல்கள் தாமே செத்து, கிருமியையும் தம்மோடு அடைத்துப்போட்டுவிடுகின்றன.

எங்கள் அதிகாரி என்னைவிட மிகவும் இளையவர், மலையாளி. டாக்டர் என்றே அவரைக் கூப்பிடுவோம். இத்தனை செல்கள் சாகின்றனவே, அந்தச் சாவு ஓர் எல்லையில் நின்றுவிடுவது எப்படி, அதற்கு அப்பால் இருப்பவை மட்டும் எப்படித் தயாராகிவிடுகின்றன என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவர் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாகறதுக்கு முன்னாடி அடுத்த செல்லுகிட்ட அது என்னமோ பறயுது, சாரே. என்ன பறயுதுன்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் இங்கே வேலையே இல்லை."

வெற்றிலைக்கு ஒரு துண்டு

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் ஊசி போட்ட புகையிலை இலைகளில் பாதியைக் காணோம். ஆடு கடித்ததுபோல் இல்லை. ஓரங்கள் நகத்தால் கிள்ளியதுபோல் சுத்தமாக இருந்தன. எங்கள் காவல்காரர் மாசிலாமணி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கன்னம் ஒருபக்கம் உப்பியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க ஊசி போட்ட எடத்த உட்டுட்டுத்தான் கிள்ளுனனுங்க. நோவாளி மேல கை வெப்பனுங்களா?"

அரிவாள்

வேலாத்தாள் எங்கள் நிலையத்துக்கு அடுத்த ஊர்க்காரர். கணவர் பக்கவாதத்தில் படுத்தபிறகு வயலை அவரே பார்த்துவந்தார். முதல் போகம்தான் அந்த வீட்டுக்கு வருஷச் சோறு. அது போனால் வாங்கித்தான் தின்ன வேண்டும். பெரும்பகுதியில் எல்லோரையும்போலப் புதுக் குட்டை ரகத்தை நடத் தீர்மானித்திருந்தார். நோயைத் தாங்கும் என்று எங்கள் தொட்டிகளில் தெரிந்த ஒரு ரகத்தை டாக்டர் கொஞ்சம் கொடுத்து, வாய்க்கால் ஓரமாக ஒரு பட்டை மட்டும் நட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்தது. நாற்றங்காலில் நாற்று வயது கடந்து உயர்ந்துவிட்டது. நடவன்று நான் போனபோது, நடவுப் பெண்களுக்கு மூப்பான கருப்பாத்தாள் கட்டுக்கட்டான நாற்றுமுடிகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, நுனியை அரிவாளால் சரக்கென்று அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முற்றிய நாற்றானால் அப்படி அறுத்துத்தான் நடுவார்கள். நாற்றங்காலில் ஒரு மூலையில் சில நாற்றுகள் சுருண்டு வாடியிருந்ததை நான் பார்த்தேன். நோயுள்ள முடி ஒன்றை அறுத்த அரிவாள் அடுத்த முடிக்கும் நோயைக் கொடுத்துவிடும், வெட்டின வாய்தான் கிருமிக்கு வாசல் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. நிலையத்தில் நான் கத்தரிக்கோலால் செய்வதைத்தான் அவர் அரிவாளால் செய்துகொண்டிருந்தார். எனக்கு அதற்கு வெள்ளை மேலங்கி கொடுத்திருந்தார்கள்.

கருப்பாத்தாள் கையை நிறுத்தவில்லை. "அறுக்காம நட்டா காத்துக்குச் சாஞ்சு போகுமுங்க. சாஞ்சதையெல்லாம் நீங்க வந்து நிமுத்தி உடறீங்களா?"

கருகியதும் பச்சையும்

நட்ட வயல் வேர் பிடித்துக் கொஞ்ச நாளில் வேலாத்தாளிடமிருந்து ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் களையெடுக்கும் பெண்கள் வாய்க்கால் ஓரப் பட்டையில் பாதியைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டார்கள். டாக்டர் கொடுத்த ரகம் அது. அதன் நுனிகள் எல்லாம் பழுப்பேறிக் கருகியிருந்தன. குட்டை ரகமோ வயல் முழுக்கப் பச்சைப்பசேல் என்று நின்றது. சீக்கு வந்ததைப் பிடுங்கி எறிந்து மற்றதைக் காப்பாற்றிவிட்டதாக அவர்களுக்கு நிம்மதி.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கிய நாற்றை எடுத்துக் காட்டினேன். கருகல் வெட்டுவாயோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே இலை கெட்டியாக இருந்தது. கிருமி வந்ததை இந்த இலை தெரிந்துகொண்டது, ஓரத்தைச் சாகக் கொடுத்து கீழே இறங்கவிடாமல் அடைத்துவிட்டது என்றேன். குட்டை ரகத்தின் இலைக்கு எதிரி வந்தது தெரியவே இல்லை. தெரியாததால் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாததால் பச்சையாக இருக்கிறது. உள்ளே கிருமி நரம்பு வழியாக இறங்கிக்கொண்டிருக்கும்.

வேலாத்தாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பச்சையா நிக்கறத நோவுங்கறீங்க. கருகிக் கெடக்கறத சொகங்கறீங்க. உங்க ஊட்டுல ஆராச்சும் இப்படி இருக்கறாங்களா?"

"இருந்தாங்க" என்றேன். என் மனைவி பள்ளிவாசல் என்னும் மலையூரின் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள். ஒரு தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை. முகம் எப்போதும் தெளிவாக இருக்கும். நோய் வெளியே தெரிந்தபோது வைத்தியருக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் அவர் என்ன கேட்டுக்கொண்டாரோ, பெண்கள் பக்கம் திரும்பினார்.

"புடுங்குனது போதும். மிச்சம் நிக்கட்டும்."

மடை

குட்டை ரகம் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. பிறகு வயல் முழுக்க வைக்கோல் நிறம். காலையில் இலைகளில் மஞ்சள் முத்துகளாகக் கிருமிநீர் கசிந்து நிற்கும். தொட்டால் விரலில் ஒட்டும். அது மழையிலும் வயல் தண்ணீரிலும் கலந்து அடுத்த வயலுக்குப் போகும்.

அடுத்த வயல் அவருடைய கொழுந்தனார் சென்னியப்பனுடையது. பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஆனால் தண்ணீர் வேலாத்தாளின் வயலில் நிரம்பி, மடை வழியாகத்தான் சென்னியப்பன் வயலில் இறங்கும். இன்னொரு கிளை வாய்க்கால் இருந்தது. அது தூரம், அதிலிருந்து பாய்ச்ச உடம்பு நோக வேண்டும். வேலாத்தாள் வயலில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் நாலில் ஒரு பங்கு கதிராவது பால் பிடிக்கலாம். தண்ணீரை அடைத்து வயலைக் காயப்போட்டால் கீழ்வயலுக்கு நோய் இறங்குவது குறையும். இவருக்கு அந்த நாலில் ஒரு பங்கும் பதராகும். டாக்டர் என்னிடம் காயப்போடச் சொல் என்றுதான் சொல்லி அனுப்பினார். அதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். சாகிற செல்லிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதரிடம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

சொன்னேன். வேலாத்தாள் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வருசச் சோறுங்க" என்றார். நான் நிலையத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த முறை போனபோது அவர் வயல் வெடித்துக் கிடந்தது. மடை களிமண் வைத்து அடைத்திருந்தது. மடைமேல் ஒரு கோல் நட்டு, வெளுத்த நெற்பயிரை வேரோடு ஒரு கொத்து அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அந்தப் பக்கம் சென்னியப்பன் தூரத்து வாய்க்காலிலிருந்து மண்வெட்டியும் கையுமாகத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் பயிர் பச்சையாக இருந்தது. அங்கங்கே நோய் தொட்டிருந்தது, அவ்வளவுதான். மதனியார் சொல்லி அனுப்பினாரா என்று கேட்டேன்.

"அவங்க எதுக்குங்க எங்கிட்டப் பேசறாங்க? கோலப் பாத்தேன், புரிஞ்சுது. நீங்க வந்து சொல்லியிருந்தா, நம்பாம மடைய ஒடச்சுத் தண்ணி உட்டிருப்பனுங்க."

ஒரு பட்டை

பிடுங்காமல் விட்ட பாதிப் பட்டை வாய்க்கால் கசிவிலேயே வளர்ந்து கதிர் விட்டது. நுனி கருகிய இலைகளோடே முற்றியது. மற்ற வயலில் அறுத்தது மாட்டுக்குத்தான் ஆயிற்று. வேலாத்தாள் வீட்டில் அந்த வருஷம் அரிசி கடையிலிருந்து வந்தது. இதை எழுதாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும், ஆனால் வந்தது.

பட்டை நெல்லை அவர் தனியாக அடித்துக் காயவைத்து, நிலையத்துக்கு இரண்டு துணிமூட்டைகளாகக் கொண்டுவந்தார். தீட்டித் தின்னவில்லையா என்று டாக்டர் கேட்டார். வேலாத்தாள் ஒரு மூட்டையை மேசையில் வைத்து, மற்றதைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். மடியில் இருந்தது அவருடைய அடுத்த போகத்து விதை. மேசையில் இருந்தது யாருக்கு என்று நான் கேட்டேன்.

"எங் கொழுந்தனாருக்குக் குடுத்துருங்க. நாங் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரியும்."

நோய் கொடுத்தே வயதைக் கழித்த எனக்கு, இலைக்குள் எந்தச் செல் எதனிடம் என்ன சொல்கிறது என்று ஓய்வு பெறும் நாள் நெருங்கியும் விளங்கவில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு வீட்டார்தான் என் தலைக்கு மேலாக அதைப் பேசி முடித்துக்கொண்டார்கள்.