அத்தை வைத்த கூட்டு

எனக்குக் கோதுமை ஆகாது என்று புதுச்சேரி டாக்டர் கண்டுபிடித்தபோது நான் நாலு மாதக் கர்ப்பம். "சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கெட் எதுவும் வாயில படக் கூடாது. பட்டா உங்க குடல் சத்தை இழுக்காது. புள்ளைக்கு ஒண்ணும் போய்ச் சேராது" என்றார். இதில் என்ன பெரிய கஷ்டம் என்றுதான் நினைத்தேன். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறுதான்.

கஷ்டம் என் நாக்கில் இருந்தது. வானூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் நான், மீன் வாடையே ஆகாது. கடற்கரை ஊரில் மீன் தின்னாத மருமகளுக்கு மாமியார் என்னதான் ஆக்கிப் போடுவாள்? அத்தை சலித்துக்கொள்ளவில்லை. விடியும் முன்பே உப்பு வாரப் போய், வெயில் ஏறியதும் திரும்பி, வெடித்த பாதங்களைக் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவாள். பீர்க்கங்காய்க் கூட்டு, கோவைக்காய் வறுவல், தேங்காய் தூக்கலாகப் போட்ட அவரைக்காய்ப் பொரியல், மொறுமொறுவென்று சேப்பங்கிழங்கு. சோற்றைவிடத் தொட்டுக்கொள்ள வைத்ததைத்தான் அதிகம் தின்றேன்.

ஆனாலும் இளைத்துக்கொண்டே போனேன். வளையல் முழங்கை வரை ஏறியது. அடுத்த ஸ்கேனில் டாக்டரின் முகம் மாறியது. "குழந்தை வளர்ச்சி கம்மியா இருக்கு. கோதுமை எங்கேயோ உள்ள போகுது. இப்படியே போனா தங்கறது கஷ்டம்மா" என்றார்.

என் கணவர் உப்பு லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். வீட்டில் சமைப்பது ஒரே ஆள். எனக்குக் கெட்ட புத்தி, அத்தையின் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் வெளியே போனதும் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தேன். ஒரு சிட்டிகை கோதுமை மாவு இல்லை. நான் சாப்பிடும்போது அவள் எதிரில் நின்று பார்ப்பதும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ கண்ணு" என்பதும் எனக்குப் பிடிக்காமல் போயின.

"வாயுதான் கண்ணு உன்னைப் படுத்துது" என்று அவள் கூட்டில் பெருங்காயத்தைக் கூட்டினாள். வயிறு இன்னும் உப்பியது. இன்னும் போட்டாள், மோரிலும் கலக்கினாள். பிள்ளை அசைவது குறைந்துகொண்டே வந்தது. ராத்திரியெல்லாம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பயந்து கிடந்தேன்.

பெருங்காயம் தீர்ந்துபோகவே இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். "போன தபா குடுத்ததுல வாசனையே இல்லப்பா, நல்லதா குடு" என்றாள் மளிகைக் கடைக்காரரிடம்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. சுத்தமான பெருங்காயத்தை யாரு அப்படியே விக்கறான்? மைதா கலந்துதான் கட்டுவாங்க. ஒண்ணுல கூட இருக்கும், ஒண்ணுல கொறச்சலா இருக்கும், அவ்ளோதான்."

"மைதான்னா?" என்றாள் அத்தை. தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"கோதுமைதாம்மா, வேற இன்னா?"

பெருங்காயம் வாங்காமலேயே அவள் திரும்பி நடந்தாள். எனக்கு அவள்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்தவள் அடுப்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமே நான் ஆக்க மாட்டேன். என் கையாலயே அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன். நீயே ஆக்கிக்கோ."

அடுப்புப் பக்கம் போனாலே எனக்குக் குமட்டும். உச்சி வெயில் வரை இருவரும் பட்டினி. பிறகு நான் கோவைக்காயை நறுக்கிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"பசிக்குது அத்தை. எனக்காக இல்லன்னாலும் உள்ள இருக்கறதுக்காக ஆக்குங்க."

நெடுநேரம் கழித்து எழுந்தாள். சட்டியைச் சாம்பல் போட்டு மறுபடி மறுபடி தேய்த்தாள். எண்ணெய், மஞ்சள், கடையில் வாங்கிய மிளகாய்த்தூள், உப்பு. வேறு எதுவும் போடவில்லை. தட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல் போட்டுக்கொள்ளச் சொல்லாமல், கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"இதுல ஒண்ணும் இல்லல்ல கண்ணு?"

அவளே சமைத்ததை என்னிடம் கேட்டாள். அந்த மிளகாய்த்தூளில் என்ன கலந்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியுமா?

"இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.