ரயிலுக்குக் கண்டக்டர் வைத்த கதையோடு அரியலூருக்கு

சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அரியலூரில் கூடுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் முதல் தடவையாகப் போய்வந்தேன். கைக்குழந்தையோடு போகலாமா, சாயந்திரம் திரும்ப பஸ் கிடைக்குமா என்று புறப்படும் முன் விசாரிக்க எனக்கு யாரும் இல்லை. அடுத்த வருஷம் போக நினைக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு கதைக்காகத்தான் போனேன். ஓர் ஆட்டுக்குட்டி ரயிலேறி மாமா வீட்டுக்குப் போகிற கதை. இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. ஒவ்வொரு தடவையும் திருத்தினேன்: பெரிய சொற்களைச் சின்னதாக்கினேன், நீதியை எடுத்தேன், மறுபடி சேர்த்தேன். இந்தக் கூட்டத்தில் தேறுகிற கதைகள் தொகுப்பாக அச்சாகும். இதிலும் தேறாவிட்டால் எழுதுவதை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் ஊர் குரும்பலூரில் காலை ஆறரைக்கு டவுன் பஸ். “கத படிக்கிற எடத்துக்குக் கைப்புள்ளய தூக்கிட்டுப் போறியே, அது கத்துனா எவ கதைய கேப்பா?” என்று மாமியார் வாசல் வரை வந்து கேட்டார். நியாயமான கேள்விதான். பெரம்பலூர் வரை எட்டுக் கிலோமீட்டரும் அதே நினைப்பு.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். “முன்னாடி வந்து உக்காருங்கம்மா, பின்னாடி தூக்கிப் போடும். பாப்பாவுக்கு டிக்கெட்டு வேணாம், அழாம வந்தா போதும்” என்றார் கண்டக்டர். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வர ஆரம்பித்தால் ஊர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் குழந்தையின் முகத்தை மூடிக்கொள்ளுங்கள், அவ்வளவு புழுதி.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நம் கதையை நாம் படிக்கக் கூடாது. கூட்டத்தை நடத்துகிற டீச்சர் அதை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பார், எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டார். பிடிக்காவிட்டால் பிள்ளைகள் எழுந்து விளையாடப் போகலாம். பாதிப் பேராவது கடைசிவரை இருந்தால் கதை தேறும். இல்லையென்றால் மாலை நாலு மணிக்குள் திருத்திக் கொடுக்க ஒரே ஒரு வாய்ப்பு.

என் கதையில் ஆட்டுக்குட்டி காலைத் தூக்கிக் காட்டும். ரயில் நிற்கும். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “உள்ள ஏறு, படியில நிக்காத” என்பார். ஆடு தனியாகப் பயணம் போவதை ஒரு பிள்ளையும் ஆட்சேபிக்கவில்லை.

“டீச்சர், ரயிலுக்கு ஏது கண்டக்டரு?”

“கைய காட்டுனா நிக்குமா?” என்றாள் முன்வரிசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி. “எங்க வூட்டுப் பின்னாடிதான் தண்டவாளம். தெனம் கைய காட்டுறோம். ஒண்ணுகூட நின்னதில்ல.”

“அது பஸ்ஸு டீச்சர். ரயில் வேசம் போட்டிருக்கு!”

சிரித்துக்கொண்டே முக்கால்வாசிப் பேர் வெளியே ஓடிவிட்டார்கள். நான் குழந்தைக்குச் சட்டை சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். பெரம்பலூர்ப் பக்கத்தில் ரயிலே கிடையாது. திருச்சியில் படித்த மூன்று வருஷமும் பஸ்ஸில்தான் போய்வந்தேன். ரயிலைப் பாலத்தின் மேலிருந்து பார்த்ததோடு சரி. அத்தனை தடவை திருத்தியும் இது என் கண்ணில் படவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது. நிற்கவில்லை, வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. தரை அதிர்ந்தது, முந்தானை பறந்தது, குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. கடைசிப் பெட்டியும் போய், குழந்தையின் அழுகையும் ஓய்ந்த பிறகு பிளாட்பாரம் முழுக்க ஒரே அமைதி. அந்த அமைதியில் என் ஆட்டுக்குட்டி நின்றால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அங்கேயே எழுத ஆரம்பித்தேன்.

நடுவில் குழந்தைக்குப் பசி, பிறகு தூக்கம். நாலு மணிக்குக் கொடுத்தபோது கதை பாதிதான் இருந்தது. டீச்சர் பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்தார். ரயில் நிற்காமல் போனது, குட்டி தனியாக நின்றது. அத்தோடு தாள் முடிந்தது.

“அப்புறம்?” என்றாள் ரெட்டைச் சடை.

டீச்சர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அப்புறம் எழுதல கண்ணு.”

“எழுதலன்னா? குட்டி அங்கேயே கெடக்குமா?”

எழுந்து நின்றேன். “நான்தான் எழுதுனேன். மீதிய வாயால சொல்லட்டுங்களா?” வழக்கத்தில் இல்லாததுதான். ஆனால் பிள்ளைகள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டபடி சொன்னேன். எந்த வண்டி நிற்கும் என்பதைக்கூட அவர்கள்தான் கத்தினார்கள்: “பாசஞ்சரு!” குட்டி பாசஞ்சரில் ஏறியது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

கதை தேறியது. அன்று சொன்ன முடிவு மட்டும் இன்னும் எழுத்தில் பிடிபடவில்லை. டீச்சர் இந்த மாதக் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்.

போகிறவர்களுக்கு: மாலையில் பெரம்பலூர் பஸ்ஸில் நெரிசல் அதிகம், பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி இடம் பிடியுங்கள். வெந்நீர் பிளாஸ்க் அவசியம். வீட்டில் “நல்லாருக்கு” என்று சொன்னவர்களை நம்பி அதோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதிய தாளைவிட வெற்றுத் தாளை அதிகமாக எடுத்துப் போங்கள்.