தம்பியின் ரயிலுக்கு நான் போட்ட பிளான்

சாந்தன்பாறையிலிருந்து பூப்பாறை வரைக்கும் எந்த ஏலக்காய்த் தோட்டத்திலாவது போய், மோட்டார் ஓடவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். என்னைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. சின்னக்கானலில் தேயிலை லயத்தில் பிறந்தவன். பேக்டரியில் தரை கூட்டப் போனேன், கூட்டிக்கொண்டே வயரிங்கைப் பார்த்தேன், பார்த்தே கற்றுக்கொண்டேன். இன்றைக்கு முதலாளி கோட்டயத்தில் கட்டிலில் படுத்தபடி போனில் ஒரு நம்பரை அமுக்கினால் இங்கே தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்குகிற படுதாக்குளத்தில் மோட்டார் ஓடும். தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும். இந்த மலையில் அதை முதலில் மாட்டியவன் நான். அதற்கு முன்னால் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு ஆள் விடியக்காலம் பனியில் இறங்கிப் போய், அட்டைக்கடியோடு திரும்பி வர வேண்டும். நான் ஸ்டார்ட்டர் மாட்டிய தோட்டத்தில் யாரும் போக வேண்டியதில்லை. நல்ல வேலை என்றால் எனக்கு அதுதான். அந்த இடத்தில் ஆளே தேவைப்படக் கூடாது.

இப்படிப்பட்ட நான் என் தம்பி விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

தம்பியைப் படிக்க வைத்தது நான். ஐடிஐ முடித்து ரயில்வேயில் சேர்ந்தான். பாலக்காட்டில் கூட்ஸ் வண்டி டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனான். ரயிலே இல்லாத எங்கள் இடுக்கிக்குத் திரும்பி வந்து என் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடியேறினான். ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து, இரண்டு பெரிய பலகை மேஜையைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் சுற்றி வருகிற ஒரு குட்டி ரயில்பாதையைக் கட்டினான். ஒரு முனையில் பாலக்காடு, மறு முனையில் வாளையார், நடுவில் காடு. காட்டுக்குள் பாதை ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் யானை. கையில் ஒரு திருகு பெட்டி வைத்திருப்பான். திருகினால் வண்டி ஓடும். யானை நிற்கிற வளைவுக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைப்பான், வாயாலேயே ஹாரன் அடிப்பான். நிஜ வண்டியிலும் அங்கே அப்படித்தான் போவானாம்.

நான் போய் நின்றால் கிண்டல் செய்வான். "ஏண்ணே, ஒன் மோட்டாரு நிக்கிற எடத்துலயேதான சுத்தும்? என் எஞ்சினு ஊருக்குப் போயிட்டு வரும்."

"போயிட்டு வந்து? அதே மேசைக்குத்தானலே வருது."

இப்படியே பேசிக்கொண்டிருப்போம்.

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. ஜீப்பில் போட்டு போடிமெட்டு இறக்கம் முழுக்க அவன் தலையை என் மடியில் பிடித்தபடி தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உயிர் தங்கியது. வலது கை வரவில்லை, கால் பாதி வந்தது, பேச்சு போய்விட்டது. "இல்ல" என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். பிறகு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்க வந்த ஆளைப் பார்த்து ஒருநாள் "சனியன்" என்றான், தெளிவாக. அந்த ஆள் கோபப்படாமல் சிரித்தார். திட்டு மட்டும் வேறு இடத்தில் இருக்கும், அது போகாது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயர் எரிந்தால் எந்த இடத்தில் எரிந்தது என்று காட்டிவிடுவேன். தம்பி தலைக்குள் எங்கே எரிந்தது என்று யார் காட்டுவது?

அதற்குப் பிறகு அவன் ரயில் ரூம் பக்கமே போகவில்லை. சக்கர நாற்காலியில் வைத்து நாங்கள் தள்ளிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் தம்பி சம்சாரம் என்னிடம் வந்து நின்றது. "அத்தான், அவரு சாப்பாட்டையும் கொறைச்சிட்டாரு. அந்த ரயிலையாவது ஓட்ட வையிங்க. இல்லன்னா ஆளு நமக்குக் கெடைக்க மாட்டாரு."

கையும் பேச்சும் டாக்டர் பாடு, கடவுள் பாடு. ரயில் மட்டும் என் பாடு என்று நினைத்தேன். ஒரு கை போன ஆள், ஒரே ஒரு பட்டனை அமுக்கினால் வண்டிகள் தானாக ஓடி, தானாக நின்று, தானாக லைன் மாறி வர வேண்டும். அதுதான் பிளான்.

கொழிஞ்சாம்பாறையில் இந்தக் குட்டி ரயில் சாமான்களை வரவழைத்து விற்கிற ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து போன் போட்டேன். கோயம்புத்தூர்ப் பேச்சு.

"ஏனுங்க அய்யா, பழைய மொறையில கரண்டக் கூட்டினா வண்டி ஓடும், கொறச்சா நிக்குமுங்க. இது அப்படி இல்லீங்க. தண்டவாளத்துல எப்பவுமே முழு கரண்டு இருக்குமுங்க. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளயும் ஒரு சிப்பு வெச்சு நம்பர் குடுத்துருவோம். 'மூணாம் நம்பரு, மெதுவாப் போ'ன்னு பெட்டி சொல்லும். மூணு மட்டும் கேக்கும், மத்தது காதுல வாங்காதுங்க."

"செரி. இதுல பேஸ் எது, நியூட்ரல் எது?"

"அதெல்லாம் இங்க இல்லீங்க. மோட்டார மறந்துட்டு வாங்க."

"என்னைய மோட்டார மறக்கச் சொன்ன மொத ஆளு நீருதான்யா."

சிரித்தார். ஆனால் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாதையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் வண்டி நிற்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு சென்சார். லைன் மாறுகிற இடத்தில், பாயின்ட் என்கிற நகரும் தண்டவாளத்தைத் தள்ள ஒரு குட்டி மோட்டார். எல்லாவற்றையும் ஒரு லேப்டாப்பில் சேர்த்து, எந்த வண்டி எப்போது எங்கே என்று எழுதிவிட வேண்டும். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நான் வரைந்தேன். சமையல்கட்டு மேசை முழுக்கத் தாள். தம்பி சம்சாரம் சோற்றுப்பானையை வைக்க இடமில்லாமல் நின்று பார்த்தது.

"அத்தான், இதுல கையெழுத்துப் போட டெல்லியில இருந்து மந்திரி வரணும் போல."

"வந்தா வரட்டும். அவரு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்."

தண்டவாளத்தை மெல்லிய ரம்பத்தால் ஒன்பது இடத்தில் அறுத்தேன். வயர் இழுத்தேன். எஞ்சின்களைப் பிரித்து சிப்பு வைத்தேன், பற்றவைத்தேன். இந்த வயதில், இந்தக் கண்ணாடியோடு, நூல் மாதிரி வயரை. வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று இப்போதும் சொல்வேன்.

முதல் ஓட்டத்திலேயே ஒரு வண்டி இன்னொன்றின் வாலில் போய் இடித்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்டேஷன் துண்டை நான் எஞ்சின் நீளத்துக்கு அளந்திருக்கிறேன், பின்னால் வருகிற பெட்டிகளை அளக்கவில்லை. மோட்டாருக்கு வால் கிடையாது, எனக்கு அது தோன்றவில்லை. கூட்ஸ் டிரைவர் பக்கத்து ரூமில் இருந்தான். தாளைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் விரலை வைத்துச் சொல்லியிருப்பான். நான் காட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகு காட்டி அசத்த வேண்டும் என்று இருந்தேன். மறுபடி அறுத்து, மறுபடி ஒட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, அவனை நாற்காலியோடு ரூமுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். முகத்தைத் திருப்பினான். "பாருலே, ஒரு தடவ பாரு" என்று சொல்லி, இடது கை விரலைப் பிடித்து லேப்டாப்போடு சேர்த்திருந்த பச்சை பட்டனில் வைத்தேன். அமுக்கினான்.

வண்டி பாலக்காட்டை விட்டுக் கிளம்பியது. யானை வளைவில் தானாக மெதுவானது. ஹாரனும் தானாக அடித்தது. வாளையாரில் ஓரம் போய் நின்று எதிர் வண்டிக்கு வழி விட்டது. பாயின்ட் டக்கென்று மாறியது, மறுபடி கிளம்பியது. நான் எழுதிய எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை. தம்பி சம்சாரம் கை தட்டியது.

தம்பி மூன்று சுற்று பார்த்தான். நாலாவது சுற்றில் வண்டி யானைக்கு முன்னால் தானாக மெதுவானபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பழகவில்லை, அதுதான் என்று நினைத்தேன். இன்னும் சேர்த்தேன். பெட்டிக்குள் லைட் போட்டேன். மலையாளத்தில் அறிவிப்பு போட்டேன். ஸ்டேஷனில் மணி வைத்தேன். தினமும் காலையில் அவனைக் கொண்டுவந்து உட்கார வைப்போம். பச்சை பட்டனை அமுக்குவான், நாங்கள் சொல்வதற்காக. பிறகு ஜன்னல். வண்டி பாட்டுக்கு வண்டி, மழை பாட்டுக்கு மழை. அந்த ரூமில் நிற்கவே என்னால் முடியவில்லை. இதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அந்த நிலைமை பழக்கமே இல்லை.

அந்த வாரத்தில் இன்னொரு தொல்லை. ரயில் திடீர் திடீரென்று மொத்தமாக நின்றது. ஷார்ட் சர்க்யூட் என்று கன்ட்ரோல் பெட்டி கத்தும். ஓடி வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, மறுபடி ஓடும். மூன்று நாள் மேஜைக்கு அடியில் படுத்து வயர் வயராகச் சோதித்தேன். நாலாவது நாள் நான் வாசலில் இருந்தேன். பெட்டி கத்தியதும் உள்ளே பாய்ந்தேன். காட்டுக்குள்ளே, இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே, கஞ்சி குடிக்கிற ஸ்பூன் கிடந்தது. தம்பியின் இடது கை அதை எடுக்கப் பாதி வழியில் இருந்தது.

"யாருலே இத வச்சது!" என்று கத்தினேன். அந்த ரூமில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் சிரித்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தோள் குலுங்க. வியாதி வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

தம்பி சம்சாரம் அடுப்படியிலிருந்தே சொன்னது. "மூணு நாளா அவருதான் வைக்காரு. நீங்க ஓடி வர்றதுக்குள்ள எடுத்துருவாரு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்லணும்ல? நான் மேசைக்கு அடியில கெடந்தேனே!"

"எதுக்குச் சொல்லணும்? அவரா ஒண்ணு செய்யுறாரு, செய்யட்டும்னு விட்டேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பூன் என் கையில் இருந்தது. என் பிளானில் தம்பி செய்வதற்கென்று ஒரு வேலையும் நான் விட்டு வைக்கவில்லை. வண்டியை நிறுத்துவது ஒன்றுதான் அவனுக்கு மிச்சம். அதையும் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருந்தது. குளத்துக்கு நடந்துபோன ஆளை நிறுத்தினால் அது அவனுக்கு நல்லது. அட்டை கடிக்காது, பனி இல்லை. அந்தக் கணக்கையே கொண்டுவந்து தம்பி மேல் வைத்தேன். இவன் முப்பது வருடம் வண்டி ஓட்டினவன். வண்டி ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டவன் இல்லை.

கொழிஞ்சாம்பாறைக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அது ரொம்ப லேசுங்க அய்யா. ஆட்டோமேட்டிக்க நிறுத்திப்போடுங்க. போன்லயே ஒரு ஆப்பு இருக்குது. எடது கட்டவெரல் போதுமுங்க. மேல தள்ளினா வேகம், கீழ இழுத்தா பிரேக்கு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆளே இல்லாம ஓடணும்னுதானுங்களே கேட்டீங்க."

போனை வைத்துவிட்டுச் சைக்கிள் டியூப் தேடப் போனேன்.

மறுநாள் காலை போனை நாற்காலிக் கையில் சைக்கிள் டியூப் வைத்துக் கட்டினேன். பச்சை பட்டனை லேப்டாப்பிலிருந்தே எடுத்துவிட்டேன். தம்பி திரையைப் பார்த்தான், கட்டைவிரலை வைத்தான். வண்டி ஒரு முழம் பாய்ந்து நின்றது. மறுபடி பாய்ந்தது. நின்றது. அரை மணி நேரம் பாலக்காடு பிளாட்பாரத்தை விட்டு வண்டி வெளியே வரவில்லை. பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது கண்டேன்.

பிறகு வந்தது. காட்டைத் தாண்டியது. வாளையாரில் பாயின்ட் தப்பாகக் கிடந்தது, பாதி நகர்ந்து. நான் பார்த்துவிட்டேன். பிளான் இருந்திருந்தால் தானாக மாறியிருக்கும். "ஏலே, பாயின்டு..." என்று வாயைத் திறந்தேன். என்னைப் பேசாதே என்று சொல்ல அவன் இடது கையைத் தூக்கினான். தூக்கியதால் பிரேக் போட விரல் இல்லை. எஞ்சின் நேரே போய்ப் பாயின்டில் ஏறிச் சாய்ந்து விழுந்தது, பின்னால் இரண்டு பெட்டியும்.

எடுத்து வைக்க நான் எழுந்தேன்.

"தொடாத லே."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். குழறல்தான், ஆனால் சந்தேகமே இல்லை. இந்த மலையில் என்னை யாரும் லே போட்டுப் பேசியது கிடையாது, அவனும் பேசியது கிடையாது.

கதவில் டீயோடு நின்ற தம்பி சம்சாரம் கேட்டது. "அத்தான், காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்ப ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். தம்பி உடம்பை மேஜை மேல் சாய்த்து, இடது கையால் எஞ்சினை எடுத்துத் தண்டவாளத்தில் வைக்கப் பார்த்தான். முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரம் நழுவியது. பின்னால் சரி செய்தால் முன்னால் இறங்கியது. எனக்கு அது அரை நிமிஷ வேலை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். டீ ஆறி ஆடை படர்ந்துவிட்டது, வெளியே பனி இறங்கி ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை, எஞ்சின் இன்னும் ஏறவில்லை. அவன் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.