சுருளிக்கு வந்த சேதி

ஜக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. போடியில் கருவாடு வாங்கிக் கூடையில் சுமந்து, வாரம் ஒருமுறை போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டத்துக்கு ஏறுவாள். கருவாட்டோடு சேதியும் ஏறும். தோட்டத்து ஆட்களின் வீட்டார் சொல்லி அனுப்புவதை ஒரு வார்த்தை பிசகாமல் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வந்து சொல்லுவாள். பதினாலு வருசமாக அப்படி.

அதற்கு அவளிடம் இருந்த வழி நடைதான். முதல் ஏற்றத்தில் ஒரு சேதியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நடப்பாள். ஓடையைத் தாண்டினால் அடுத்தது. மேலே போய் ஓடையை நினைத்தால் போதும், அங்கே சொன்னது நாக்குக்கு வந்துவிடும்.

1956 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, தோட்டத்து ஜீப்பு போடி பஸ் ஸ்டாண்டில் நின்றது. "ஏறு ஆத்தா, வெரசா போயிரலாம்" என்றான் டிரைவர் கன்னையன். அவள் ஒரு காலை எடுத்து வைத்தபோது சிலமலைப் பேச்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள். பேச்சியின் மகள் வேலுத்தாய் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் புருஷன் சுருளிக்கு மேலே தோட்டத்தில் வேலை. அவனுக்கான சேதியைப் பேச்சி சொன்னாள், ஜக்கம்மாள் "சரி" என்றாள். வழியெல்லாம் கன்னையன் பேச்சு ஓயவில்லை. வளைவுக்கு வளைவு குமட்டல் வேறு.

லயத்தில் இறங்கியதும் சுருளி வந்தான்.

"சேதி இருக்கா ஆத்தா?"

"இருக்கு அப்பு." வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

பேச்சியின் கை ஈரமாக இருந்தது தெரிந்தது. வெற்றிலைக் கறை படிந்த உதடு அசைந்தது தெரிந்தது. சொன்னது மட்டும் இல்லை.

"கருவாட்டை மட்டும் மறக்காமக் கொண்டாந்துட்டியே" என்று பக்கத்து வீட்டு ஒச்சப்பன் சிரித்தான். சுருளி சிரிக்கவில்லை.

"புள்ள பொறந்துருச்சா? ஆம்பளையா? வரச் சொன்னாகளா?"

அவன் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றும் பேச்சி சொன்னது போலவே இருந்தது. அதனாலேயே அவளுக்குப் பயம் வந்தது.

"நிச்சயமில்லாததை நான் சொல்ல மாட்டேன் அப்பு. நீ போய்ப் பாரு."

அவன் அப்போதே சிலமலைக்கு இறங்கினான்.

மறுநாள் காலை கருவாட்டை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் தேடவில்லை, பேச்சியின் குரலிலேயே வந்தது: "வலி எடுத்து ரெண்டு நாளாச்சு. பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். சிலமலைக்கு வர வேணாம், நேரா அங்க வரச் சொல்லு."

சரிவின் விளிம்புக்கு ஓடினாள். கீழே மேகம் அடைத்துக் கிடந்தது. அன்றைக்கு ஜீப்பும் இல்லை.

முதல் நாள் ராத்திரி சுருளி போய்ச் சேர்ந்தபோதே சிலமலையில் வீடு பூட்டியிருந்தது. போடிக்குப் போனதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். போடியெல்லாம் தேடி, பஸ் ஸ்டாண்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டு அவன் பெரியகுளம் போய்ச் சேர வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. வேலுத்தாய் மத்தியானம் வரை அவனைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு உயிர் இல்லை.

பதினாறு நாள் கழித்து அவன் வேலைக்கு வந்தான். ஜக்கம்மாள் அவன் முன்னால் போய் நின்று, சேதியை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான்.

"இம்புட்டுத்தானா ஆத்தா?"

"இம்புட்டுத்தான் அப்பு."