மறைமலை நகர் தெர்மாகோல், கோவளத்து ஐஸ்

வடக்குப்பட்டுப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஐஸ் உருகும் என்கிற இயற்கைச் சட்டம், இந்த 1991இல், ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணியோடு கோவளம் கடற்கரையில் ரத்து செய்யப்பட்டது. ரத்து செய்தவர் அடியேன். நம் தெருக் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை கேட்டார்கள். ஊட்டிக்குப் போனவன் ஊட்டியைப் பற்றி எழுதட்டும். நான் ஐஸ் பெட்டிக்குப் போனவன்.

கோவளத்தில் என் சித்தப்பா சூசை, அம்மாவின் தங்கை கணவர், சின்னப் பாய்ப்படகில் மீன் பிடிக்கிறவர். போன மழைக்காலம் வரை அவர் மகன் அருள் அண்ணனும் கூடப் போவான். காற்று விழுந்தால் இரண்டு பேரும் துடுப்புப் போட்டுப் பதினொரு மணிக்குள் கரைக்கு வந்துவிடுவார்கள். ஒரு நாள் காற்று வேறு மாதிரி அடித்துப் படகு கவிழ்ந்தது. சித்தப்பா மட்டும் நீந்தி வந்தார்.

இப்போது தனி ஆள். கரை சேர நாலு மணி ஆகிறது. அதற்குள் படகிலிருக்கும் பெட்டியில் ஐஸ் தண்ணீராகி, மீன் குழைந்துபோகிறது. படகை விற்றுவிட்டு, மறைமலை நகரில் என் அண்ணன் வேலை செய்யும் கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேரச் சொல்கிறார் சித்தி. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா ஒன்றுதான் சொன்னார்: "நாலு மணி வரைக்கும் ஐஸ் நின்னா படகு இருக்கும்." நிற்க வைக்கிறேன் என்று நான் சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஒரகடத்தில் பஸ் பிடித்தேன். சிங்கப்பெருமாள் கோவில் பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். அங்கே மாறி மறைமலை நகர். அண்ணன் பேக்கிங் செக்‌ஷன். வேண்டாமென்று ஒதுக்கிய தெர்மாகோல் பலகை ஆறு, இரண்டு அங்குல கனத்தில், சூப்பர்வைசரிடம் கேட்டு கேட் பாஸோடு தயாராக வைத்திருந்தான். என் தலையில் கனமில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வார். அன்றைக்குத்தான் தலைச்சுமையிலும் கனமில்லாமல் நடந்தேன்.

வண்டலூரில் கேளம்பாக்கம் பஸ்ஸின் கண்டக்டர் பலகைகளை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் குழம்பினார். "இன்னாடா இது, வெயிட்டே இல்ல. லக்கேஜ் போடுறதா, வாணாமா?" எடைக்கு டிக்கெட் என்றால் நீங்கள்தான் எனக்குச் சில்லறை தரவேண்டும் என்றேன். பலகைக்கும் முழு டிக்கெட் கிழித்துவிட்டார். பதினெட்டு கிலோமீட்டரும் நின்றுகொண்டே வந்தேன்.

கோவளத்தில் சித்தி சோறு போட்டார், அதிகம் பேசவில்லை. சித்தப்பா பெட்டியைப் படகிலிருந்து இறக்கி வைத்தார். வெளியே மரம், உள்ளே தகரம், நடுவில் வெறும் காற்று. அந்த இடைவெளியில் தெர்மாகோலை அளவாக அறுத்துச் செருகினோம். ஈரம் ஏறக்கூடாதென்று ஒவ்வொரு துண்டையும் பாலிதீனில் சுற்றினேன். மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைக்குத் தக்கை. சித்தப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "அருளுக்கும் இந்த மாரி வேலைன்னா உசுரு" என்றார்.

சனிக்கிழமை விடியுமுன் ஐஸ் நிரப்பிக்கொண்டு போனார். நான் கரையில் ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் பெட்டியின் மகத்துவத்தை விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் டீ கூட வாங்கிக் கொடுத்தார். இப்படி மரியாதையான ஊரை நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்குப் படகு வந்தது. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். ஐஸ் மூலை மழுங்காமல் கிடந்தது. வேறெதையும் நான் பார்க்கவில்லை. நான் குதித்தேன். சித்தப்பா என் தோளைத் தட்டி, "நிக்குதுடா" என்றார். சித்தி மட்டும் அவர் கண்ணைப் பார்த்து, "பாத்துட்டு வந்தியா?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார். ஐஸைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து கரைக்கு வந்து அதே மூட்டையில் உட்கார்ந்தேன். புது ஆள் ஒருவர் மாட்டு வண்டியோடு வந்து நின்றார். "ஏந்திரிடா கண்ணு, வலைய ஏத்தணும்" என்றார் சித்தப்பா.

கடலுக்குப் போகிற வலையை யாரும் சாக்கில் போட்டுக் கயிறு கட்டி வைப்பதில்லை. விற்கிற வலையைத்தான் கட்டுவார்கள். அது கரையில் எல்லோருக்கும் தெரியும், வடக்குப்பட்டுக்காரனுக்குத் தெரியாது. வலையும் படகும் வியாழக்கிழமையே பேசி முடிந்துவிட்டன. தெர்மாகோலோடு வந்து நின்றவனிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை வலையில்லாமல் வெறும் படகோடு போய், அருள் அண்ணன் போன இடத்தில் மத்தியானம் தாண்டும் வரை இருந்துவிட்டு வந்திருக்கிறார். நான் நாள் முழுக்க அவர் வலையின் மேல் உட்கார்ந்து, ஊரார்க்கு மீனைக் காப்பாற்றும் வித்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மொத்தச் செலவு பஸ்ஸோடு இருபத்திரண்டு ரூபாய். தெர்மாகோலை பஸ் கூரையில் போடாதீர்கள், பறந்துவிடும். வண்டலூரில் கண்டக்டரிடம் வாய் கொடுக்காதீர்கள். போகும் வீட்டில் எல்லோரும் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது பாருங்கள்.

மேலே கண்ட அறிவிப்பு வாபஸ். ஒரு மீன்கூட உள்ளே போகாத, ஒரு தடவைகூடத் திறக்காத பெட்டியில் ஐஸ் நின்றதற்கு நான் காரணம் என்று எப்படிச் சொல்வேன்? பெட்டியை மட்டும் சித்தப்பா விற்கவில்லை. இப்போது அது மறைமலை நகரில் வாட்ச்மேன் அறையில் இருக்கிறது. ஐஸ் போட்டுக் குடிக்கிற தண்ணீர் வைக்கிறார். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் திறந்து குடிக்கிறார்கள். ஐஸ் மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை என்கிறான் அண்ணன். நேற்று நானே கேட்டில் போய்க் கேட்டேன்.

"நிக்குதுடா" என்றார் சித்தப்பா.